துண்டு போட்ட இடம்: மெய்நிகர் வட்டுக்கு முன்பதிவு வந்த கதை

மெய்நிகர் கணினி (விர்ச்சுவல் மெஷின் என்றால்தான் பலருக்குப் பழக்கம்) ஒன்றைப் புதிதாக உருவாக்குகிறவர் யாராக இருந்தாலும் ஒரு கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும். வட்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்கும். 100 ஜிபி என்று போடுவோம். உடனே அடுத்த கேள்வி: அந்த 100 ஜிபியையும் இப்போதே எடுத்து வைத்துவிடவா, இல்லை எழுத எழுத வளரட்டுமா? அதிகம் யோசிக்காமல் "வளரட்டும்" என்று தட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். வட்டு உடனே தயாராகிவிடும், கணினியில் இடமும் குறையாது. அப்புறம் என்ன?

இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் அறுபது வருஷக் கதை இருக்கிறது. அதைத் தோண்டிப் பார்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. படித்து முடிக்கும்போது எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்கூட்டி இடம் ஒதுக்குவதை எல்லாரும் வேகத்துக்கான தந்திரம் என்றே பேசுகிறார்கள். வேகம் அதில் பாதிகூட இல்லை. "இடம் இல்லை" என்ற பதில் நமக்கு எப்போது கிடைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற விஷயம் அது. கேட்ட நிமிஷத்திலா, இல்லை வேலை முக்கால்வாசி முடிந்த பிறகு நடுராத்திரியிலா?

சூரியனுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

நான் இருப்பது வடகவுஞ்சி. பழநி மலையில், கொடைக்கானலுக்குக் கீழே. இங்கே டிஸ்க் நிறைந்துவிட்டால் தெருமுனைக் கடையில் இன்னொன்று வாங்கிக்கொள்ள முடியாது. பழநிக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்க வேண்டும். அதனால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் ஏட்டு விஷயம் இல்லை.

மேலே கொடைக்கானலில் இருக்கும் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கப்பட்டது. ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில், சூரியப் புள்ளியில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தது அங்கேதான். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். 1904 முதல் சாதாரண வெள்ளொளியில் எடுத்த படங்கள், 1907 முதல் கால்சியம் கே ஒளியில் எடுத்தவை, 1912 முதல் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளியில் எடுத்தவை என்று நூறாண்டுக்கும் மேலான சூரியன் அங்கே கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிமிலும் உட்கார்ந்திருக்கிறது. இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றை எண்ணிமமாக்கியது. ஒரு படத்துக்கு அகலத்தில் 4,096 புள்ளி, உயரத்தில் 4,096 புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் 16 பிட்.

ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, இந்தப் படங்களை அதில் ஏற்றி, புள்ளிகள் வருஷா வருஷம் எப்படி இடம் மாறுகின்றன என்று நாமே பார்த்தால் என்ன என்று திட்டம் போட்டேன். முதலில் கணக்கு. 4,096 × 4,096 × 2 பைட் என்றால் 3,35,54,432 பைட். ஏறத்தாழ 33.5 எம்பி. நாளுக்கு ஒரு படம் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 12 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. நூறு வருஷத்துக்கு 1.2 டிபி. மேகம் மூடிய நாட்கள் உண்டு, ஒரே நாளில் பல படம் எடுத்த நாட்களும் உண்டு. ஆனாலும் எந்த அளவில் யோசிக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

இப்போது வேடிக்கையைப் பாருங்க. என்னிடம் 1 டிபி டிஸ்க் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 2 டிபி அளவுள்ள மெய்நிகர் வட்டை உருவாக்க முடியும். யாரும் தடுக்க மாட்டார்கள், எச்சரிக்கைகூட வராது. 1907 முதல் ஒவ்வொரு வருஷமாக ஏற்றிக்கொண்டே வந்தால் 1988 வாக்கில் மூச்சு முட்டும். உள்ளே இருக்கும் கணினியோ "இன்னும் 1,000 ஜிபி காலியாக இருக்கிறது" என்று சாதிக்கும். இல்லாத இடத்தை இருப்பதாகச் சொல்ல ஒரு கணினிக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? இதற்குப் பின்னோக்கிப் போக வேண்டும்.

எழுதிக் கொடுத்தால்தான் இடம்

1960களின் நடுவில் ஐபிஎம் கொண்டுவந்த ஓஎஸ்/360 இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். அதில் ஒரு வேலையை ஓட்ட, ஜேசிஎல் என்ற கட்டளை மொழியில் துளையட்டைகள் தயாரிக்க வேண்டும். புதுசாக ஒரு கோப்பை உருவாக்கப் போகிறீர்கள் என்றால் அந்த அட்டையில் "ஸ்பேஸ்" என்று போட்டு, எத்தனை டிராக் அல்லது எத்தனை சிலிண்டர் வேண்டும் என்று எழுதியாக வேண்டும். டிராக் என்பது சுழலும் தட்டில் ஒரு வட்டம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகளில், ஒரே நேராக அமையும் டிராக்குகள் எல்லாம் சேர்ந்தது சிலிண்டர்.

இரண்டு எண் கொடுக்க வேண்டும். முதல் எண், தொடக்கத்திலேயே பிடித்து வைக்கும் இடம். இரண்டாவது, அது போதாமல் போனால் ஒவ்வொரு முறையும் கூட்டிக் கொடுக்க வேண்டிய இடம். அப்படிக் கூட்டுவதற்கும் வரம்பு உண்டு. சாதாரணக் கோப்பு ஒரு வட்டில் 16 துண்டுகளுக்கு மேல் பிரிந்திருக்க முடியாது. எல்லாம் ஒரே தொடர்ச்சியாக வேண்டும் என்றும் கேட்கலாம். வேலை முடிந்ததும் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றும் எழுதிக் கொடுக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, கேட்ட முதல் அளவு அங்கே இல்லையென்றால் வேலை தொடங்கவே தொடங்காது. "இல்லை" என்ற பதில் வாசலிலேயே கிடைத்துவிடும். உள்ளே போன பிறகு இடம் தீர்ந்தால் வேலை பாதியில் அறுந்து விழும். பி37, டி37, இ37 என்று அதற்குத் தனித்தனிக் குறியீடு. பெருங்கணினியில் வேலை பார்த்த பெரியவர்கள் யாரிடமாவது "பி37" என்று சொல்லிப் பாருங்க, முகம் மாறும்.

சென்னை ஐஐடியில் 1973இல் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் துளையட்டையை முதன்முதலில் கையில் எடுத்தது அந்த வகை இயந்திரங்களுக்காகத்தான். அன்று "எனக்கு எவ்வளவு இடம் வேண்டும்" என்று தெரியாமல் யாரும் எதையும் எழுத முடியாது. யோசிக்கும் பொறுப்பு முழுக்கப் பயனர் தலையில். விளைவு என்னவாக இருக்கும் என்று ஊகிக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று பத்துக்குப் பதில் இருபது கேட்பார்கள். கேட்டதில் பாதி காலியாகக் கிடக்கும். அடுத்தவருக்கு இடம் இருக்காது. முன்பதிவின் பழைய நோய் இது. இடம் இருக்கும், ஆனால் கிடைக்காது.

சிலிண்டர் எண்ணிப் பிரித்த குட்டி வட்டுகள்

இதே காலத்தில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் வேறொரு யோசனை உருவானது. ஒரே பெரிய கணினியைப் பல கணினிகளாகக் காட்டினால் என்ன? ஒவ்வொரு பயனரும் தனக்கென்று ஒரு முழுக் கணினி இருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும். 1967இல் பயன்பாட்டுக்கு வந்த சிபி-40, பிறகு சிபி-67, கடைசியில் 1972 ஆகஸ்ட் 2 அன்று அறிவிக்கப்பட்ட விஎம்/370 என்று அந்த யோசனை வளர்ந்தது. இன்றைய மெய்நிகர் கணினிகள் எல்லாவற்றுக்கும் பாட்டன் அதுதான்.

ஒரு துணுக்குச் செய்தி: 370/155 அந்த அறிவிப்புக்கு முன்பே சந்தைக்கு வந்த இயந்திரம். மெய்நிகர் நினைவகத்துக்கு வேண்டிய வன்பொருள் அதில் இயல்பாகக் கிடையாது. தனியாகக் காசு கொடுத்துப் பொருத்தினால்தான் விஎம்/370 ஓடும்.

சரி, ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டு வேண்டுமே? ஆளுக்கொரு நிஜ வட்டு கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதற்காக வந்ததுதான் மினிடிஸ்க். நிஜ வட்டில் இந்த சிலிண்டரிலிருந்து இத்தனை சிலிண்டர் இன்னாருக்கு என்று நிர்வாகி ஒரு பதிவேட்டில் எழுதுவார். பயனருக்கு அது தனி வட்டாகத் தெரியும். நிலத்தை சர்வே எண் போட்டுப் பிரிப்பது மாதிரிதான். இரண்டு பேருக்கு எழுதிய எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடுவார். அதனால் பதிவேட்டைச் சரிபார்த்து, எங்கே மோதுகிறது, எங்கே காலி கிடக்கிறது என்று பட்டியல் போடத் தனிக் கருவியே இருந்தது.

அளவு புரிவதற்காக ஒரு கணக்கு. அன்றைய ஐபிஎம் 3330 வட்டில் 404 சிலிண்டர், சிலிண்டருக்கு 19 டிராக், டிராக்குக்கு 13,030 பைட். பெருக்கினால் மொத்தம் 10 கோடி பைட், அதாவது 100 எம்பி. ஒரு பயனருக்கு 10 சிலிண்டர் கொடுத்தால் அவர் கையில் ஏறத்தாழ 2.5 எம்பி. மேலே சொன்ன சூரியப் படங்களில் மூன்றைக்கூட அந்த முழு வட்டில் அடக்க முடியாது. மூன்றாவது படத்தின் கடைசிச் சில வரிகள் வெளியே நிற்கும்.

மினிடிஸ்க் என்றால் முழு முன்பதிவு. எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்தச் சிலிண்டர்கள் உங்களுடையவை. போதவில்லையா? நிர்வாகியிடம் கேட்டு, பெரிதாக இன்னொன்று வாங்கி, பழையதை அதில் நகலெடுத்து, பழையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சிரமம்தான். ஆனால் ஒரு நிம்மதி உண்டு. பக்கத்துப் பயனர் எத்தனை கோப்பு எழுதினாலும் உங்கள் இடம் குறையாது. ஓஎஸ்/360இல் பயனர் தலையில் இருந்த பொறுப்பு இங்கே நிர்வாகிக்கு மாறியது. அவர் ஒரு முறை "இருக்கிறது" என்று சொன்னால் அது இருக்கிறது.

ஓட்டை உள்ள கோப்பு

பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. அங்கே கோப்பை உருவாக்கும்போது யாரும் அளவு கேட்பதில்லை. எழுத எழுத வளரும். கூடவே ஒரு விசித்திர வசதியும் இருந்தது. கோப்பின் தொடக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, ஒரேயடியாகத் தள்ளிப் போய் இன்னொரு வரி எழுதலாம். நடுவில் எழுதாமல் விட்ட பகுதிக்கு வட்டில் இடமே எடுக்காது. அதைப் படித்தால் பூஜ்யம் பூஜ்யமாக வரும். எழுதினால் அப்போதுதான் நிஜ இடம் தேடிக் கொடுக்கப்படும். இப்படிப்பட்ட கோப்பை ஸ்பார்ஸ் கோப்பு என்கிறார்கள். நான் ஓட்டைக் கோப்பு என்றே சொல்லிக்கொள்வது வழக்கம். அதற்கு இரண்டு அளவு உண்டு. வெளியே காட்டும் அளவு, உண்மையில் வட்டில் பிடித்திருக்கும் அளவு.

அன்று இதெல்லாம் ஒரு சின்ன வசதி, அவ்வளவுதான். 1999இல் விஎம்வேர் மேசைக் கணினிக்கான முதல் பதிப்பை வெளியிட்டபோதுதான் இதன் அருமை பெரிதானது. இப்போது மெய்நிகர் கணினியின் வட்டு என்பது ஹோஸ்டில், அதாவது கீழே இருக்கும் நிஜக் கணினியில், ஒரு சாதாரணக் கோப்பு. சிலிண்டர் எண்ணிப் பிரிக்க நிர்வாகி யாரும் இல்லை. கோப்பு வளரக்கூடியது என்றால் வட்டும் வளரக்கூடியதுதானே? 2003இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் வெளியிட்ட கியூஎமு, 2007இல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் எல்லாமே இந்த வழியில் வந்தன. பெரிய நிறுவனங்களுக்கான சேமிப்புப் பெட்டிகளில் இதே யோசனை "தின் புரொவிஷனிங்" என்ற பெயரில் 2000களில் விற்பனைக்கு வந்தது. தமிழில் மெலிந்த ஒதுக்கீடு என்று சொல்லலாம். அதில் பெயர் வாங்கிய 3பார் நிறுவனத்தை வாங்க 2010இல் டெல்லும் எச்பியும் போட்டி போட்டு ஏலம் கேட்டன. கடைசியில் எச்பி வாங்கியது. எழுதாத இடத்தைக் கொடுத்ததாகக் காட்டும் வித்தைக்கு அவ்வளவு மதிப்பு!

மதிப்பு இருந்தது நியாயம்தான். பத்துப் பேர் ஆளுக்கு 100 ஜிபி கேட்பார்கள், சராசரியாக ஆளுக்கு 30தான் எழுதுவார்கள் என்றால், 1,000 ஜிபி வாங்குவதற்குப் பதில் 400 ஜிபி வாங்கினால் போதும். பெருங்கணினிக் காலத்து நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது.

ஆனால் பொறுப்பு எங்கே போனது? முதலில் பயனரிடம் இருந்தது. பிறகு நிர்வாகியிடம் போனது. இப்போது யாரிடமும் இல்லை. பத்துப் பேரும் ஒரே மாதத்தில் 50 ஜிபி எழுதினால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. கியூஎமுவில் என்ன நடக்கும் என்றால், ஹோஸ்டில் இடம் தீர்ந்த நிமிஷத்தில் எழுத முயன்ற மெய்நிகர் கணினி அப்படியே உறைந்து நிற்கும். அதுதான் அதன் இயல்பான அமைப்பு. உள்ளே இருப்பவருக்குக் காரணமே தெரியாது, அவருடைய கணக்கில் இன்னும் இடம் இருக்கிறது. ஒரே டிஸ்க்கைப் பங்குபோடும் மற்ற மெய்நிகர் கணினிகளும் எழுதப் போகும்போது ஒவ்வொன்றாக உறையும். பேராசைப்பட்டது ஒருவர், நின்றது எல்லாரும்.

பஸ்ஸில் இடம் பிடிப்பது போல

இங்கேதான் முன்கூட்டி ஒதுக்குவது மறுபடி உள்ளே வருகிறது. இந்த முறை கட்டாயமாக இல்லை, விருப்பமாக. கியூஎமுவின் கியூகவ்2 என்ற வட்டுக் கோப்பு வகையில் இன்று நான்கு விதமாகக் கேட்கலாம். 2009 வாக்கில் முதல் வசதி வந்தது, 2014இல் மற்ற இரண்டும் சேர்ந்தன. எதுவும் வேண்டாம் என்பது எப்போதும் இருந்த வழி. இவற்றை விளக்க நம் ஊர் பஸ்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் வகை, ஒதுக்கீடே இல்லை. டிக்கெட் கையில் இருக்கிறது. இருக்கையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏறிய பிறகு கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். மலைப்பாதை பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும்.

இரண்டாவது, மெட்டாடேட்டா மட்டும். கியூகவ்2 கோப்பு வட்டை 64 கேபி துண்டுகளாகப் பிரித்து, உள்ளே இருக்கும் எந்தத் துண்டு கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு அட்டவணை வைத்திருக்கும். வளரும் வட்டில் ஒவ்வொரு புதுத் துண்டுக்கும் அந்த அட்டவணையையும் திருத்த வேண்டும். இந்த வகையில் அட்டவணையை மட்டும் முதலிலேயே முழுசாக எழுதி வைத்துவிடுகிறார்கள். 100 ஜிபி வட்டுக்கு அட்டவணை ஏறத்தாழ 12 எம்பிதான் வரும், அதனால் வேலை நொடியில் முடிந்துவிடும். புது இடத்தில் எழுதும்போது திருத்த வேண்டியது குறைகிறது. ஆனால் தரவுக்கு இடம் பிடிக்கவில்லை! டிக்கெட்டில் இருக்கை எண் எழுதியாகிவிட்டது, அந்த இருக்கையை யாரும் காலியாக வைத்துக் காத்திருக்கவில்லை. பெயரைப் பார்த்து இதையும் முன்பதிவு என்று நம்பிவிடக் கூடாது.

மூன்றாவது, ஃபாலாக். இதுதான் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது. "இத்தனை இடம் இந்தக் கோப்புக்கு" என்று ஹோஸ்டின் கோப்பு முறைமையிடம் சொல்லிக் குறித்து வாங்கிவிடுவது. எதையும் எழுதத் தேவையில்லை. லினக்ஸில் இதற்கான தனி அழைப்பு 2007இல் 2.6.23 கருவத்தில் சேர்ந்தது. எக்ஸ்எஃப்எஸ், எக்ஸ்ட்4 இரண்டும் இதை நன்றாகச் செய்யும்.

நான்காவது, ஃபுல். துண்டெல்லாம் இல்லை, ஆளையே உட்கார வைத்துவிடுவது. வட்டின் ஒவ்வொரு பைட்டிலும் பூஜ்யம் எழுதி முடித்த பிறகுதான் வேலை தொடங்கும். 1 டிபி என்றால் சுழலும் டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஆகும். விஎம்வேரின் சர்வர் உலகிலும் இதே போல மூன்று பெயர்கள் உண்டு. மெலிந்தது, இடம் பிடித்துவிட்டு முதல் எழுத்தின்போது பூஜ்யமாக்கும் தடித்தது, ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடும் தடித்தது.

பூஜ்யம் எழுதுவதில் என்ன அவசரம் என்று கேட்கலாம். இதற்கு ஒரு பாதுகாப்புக் காரணம் உண்டு. இடத்தை மட்டும் பிடித்துக் கொடுத்துவிட்டால், அங்கே முன்பு இருந்தவர் எழுதியது அப்படியே கிடக்கும். புதிதாக வந்தவர் அதைப் படித்துவிடலாம். வாடகை வீட்டில் பழைய குடித்தனக்காரரின் கடிதங்கள் கிடப்பது போல. ஃபாலாக் இதை வேறு விதமாகச் சமாளிக்கிறது. பிடித்த இடத்தின் மேல் "இன்னும் எழுதவில்லை" என்று ஒரு குறி போட்டுவிடும். எழுதும் வரை யார் படித்தாலும் பூஜ்யம்தான் வரும். துண்டும் ஆச்சு, கதவுக்குப் பூட்டும் ஆச்சு.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. சுழலும் டிஸ்க்கில் நான்கைந்து வளரும் வட்டுகளைச் சேர்த்து வைத்தால் அவற்றின் துண்டுகள் ஒன்றோடொன்று பின்னிப்போகும். தொடர்ச்சியாகப் படிக்க வேண்டியதைப் படிக்கும் ஊசி அங்குமிங்கும் தாவ வேண்டியிருக்கும். அந்தக் காலத்து ஜேசிஎல் அட்டையில் தொடர்ச்சியாக வேண்டும் என்று கேட்டதன் காரணமும் இதுதான். எஸ்எஸ்டி வந்த பிறகு இந்த லாபம் நிறையச் சுருங்கிவிட்டது. இடம் உறுதி என்ற லாபம் மட்டும் சுருங்கவே இல்லை.

துண்டு போட்டும் இடம் போகும் சமயங்கள்

முன்பதிவு செய்துவிட்டோம், இனி கவலையில்லை என்று படுத்துவிட முடியுமா? முடியாது. மூன்று ஓட்டைகளை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒன்று, ஸ்னாப்ஷாட். ஒரு வேலைக்கு முன் வட்டின் நிலையை அப்படியே பாதுகாத்து வைப்பது நல்ல பழக்கம். ஆனால் ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு பழைய துண்டுகளின் மேல் எழுத முடியாது, அவற்றைக் காப்பாற்ற வேண்டுமே. அதனால் புதிதாக எழுதுவதெல்லாம் புது இடத்துக்குப் போகும். அந்தப் புது இடத்துக்கு யாரும் துண்டு போடவில்லை. 1 டிபியை முழுசாக ஒதுக்கியவர்கூட ஒரு ஸ்னாப்ஷாட்டோடு மறுபடி மெலிந்த ஒதுக்கீட்டுக்குள் வந்துவிடுகிறார்.

இரண்டு, ஹோஸ்டின் கோப்பு முறைமை. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்றவை எழுதியதன் மேலேயே எழுதுவதில்லை, ஒவ்வொரு முறையும் புது இடத்தில்தான் எழுதும். அங்கே "இந்த இடம் உன்னுடையது" என்ற பேச்சுக்கே பெரிய அர்த்தம் இல்லை. சுருக்கம் இயங்கும் இசட்எஃப்எஸ்ஸில் ஃபுல் என்று கேட்டு மணிக்கணக்கில் பூஜ்யம் எழுதினாலும், அது பூஜ்யங்களைப் பார்த்து ஓட்டையாகச் சுருட்டி வைத்துவிடும். அதில் இடத்தை உறுதிசெய்ய முன்பதிவு அளவு என்று தனி அமைப்பு இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மூன்று, நகலெடுப்பு. ஓட்டைக் கோப்பைக் கவனமில்லாத கருவி ஒன்றால் நகலெடுத்தால் ஓட்டைகளெல்லாம் நிஜ பூஜ்யங்களாகி, கோப்பு ஊதிவிடும். 30 ஜிபி இருந்தது 100 ஜிபி ஆகும். தலைகீழாகவும் நடக்கும். முழுசாக ஒதுக்கிய வட்டை ஓட்டை தெரிந்த கருவியால் நகலெடுத்தால், போய்ச் சேரும் இடத்தில் அது மெலிந்துவிடும். நகலை எடுத்துப் போட்டு ஓட்டும்போது பழைய உறுதி அதில் இல்லை. வெளியே இரண்டுக்கும் ஒரே அளவு தெரியும் என்பதுதான் சிக்கல்.

இதற்கு எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. மெலிந்த வட்டு வளரத் தெரிந்த அளவுக்குச் சுருங்கத் தெரியாது. உள்ளே 50 ஜிபியை அழித்தாலும், அது காலி என்று உள்ளே இருக்கும் கணினிக்கு மட்டும்தான் தெரியும். ஹோஸ்டுக்குச் சொல்ல வேண்டும். டிரிம் என்ற கட்டளை உள்ளிருந்து வெளியே வர வேண்டும். வெளியே இருக்கும் லினக்ஸ் அதைக் கேட்டு கோப்பின் நடுவில் மறுபடி ஓட்டை போட வேண்டும். அப்படி ஓட்டை போடும் வசதி லினக்ஸில் 2011இல்தான் வந்தது. "மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன்" என்று 1960களின் துளையட்டையில் எழுதியதை நாம் மறுபடி கண்டுபிடிக்க இவ்வளவு காலம் பிடித்தது.

மேகக் கணிமையில் இந்தக் கேள்விக்கு வேறு விடை. அமேசான் 2008இல் கொண்டுவந்த ஈபிஎஸ் வட்டுகளில், எழுதினாலும் எழுதாவிட்டாலும் கேட்ட ஜிபிக்குக் கட்டணம். பழைய மினிடிஸ்க் கணக்கேதான். ஒதுக்கீட்டுக்கு ஒரு விலைச் சீட்டைக் கட்டிவிட்டால் யாரும் "எதற்கும் இருக்கட்டும்" என்று இரட்டிப்பாகக் கேட்க மாட்டார்கள். நோய்க்கு இதுவும் ஒரு மருந்து.

சரி, என் சூரியனுக்கு என்ன வழி?

இவ்வளவையும் படித்த பிறகு என் திட்டத்தை இப்படி அமைத்துக்கொண்டேன். மெய்நிகர் கணினிக்கு ஒரே வட்டு என்ற பேச்சே வேண்டாம். இயங்குதளத்துக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று, சோதனைகளுக்கு ஒன்று.

இயங்குதள வட்டும் சோதனை வட்டும் மெலிந்தே இருக்கட்டும். எவ்வளவு வளரும் என்று எனக்கே தெரியாது. அழிந்தால் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். ஸ்னாப்ஷாட்டும் இவற்றுக்கு மட்டும்தான்.

பட வட்டு அப்படியில்லை. ஒரு படத்தின் அளவு தெரியும், ஒரு வருஷத்தின் அளவு தெரியும். கணக்குப் போட முடிந்ததை ஏன் அதிர்ஷ்டத்திடம் விட வேண்டும்? எக்ஸ்எஃப்எஸ் மேல் ஃபாலாக் வைத்து முழுசாகக் கேட்பது என்று முடிவு. 1 டிபி டிஸ்க்கில் 1.2 டிபி கேட்டால் உடனே மறுத்துவிடும். அந்த மறுப்பு எனக்கு வேண்டும். மறுப்பு முதலிலேயே வந்தால், கால்சியம் படங்களை மட்டும் ஏற்றுவதா, 1950 வரை மட்டும் போதுமா, இல்லை பழநிக்கு இறங்கிப் பெரிய டிஸ்க் வாங்கி வருவதா என்று நிதானமாக யோசிக்கலாம். அதே பதில் 1988ஆம் வருஷப் படத்தை ஏற்றும்போது வந்தால், அதற்குள் எத்தனை நாள் மின்சாரமும் எத்தனை நாள் இணையமும் போயிருக்கும்! இந்த மலையில் இரண்டுமே மலிவு கிடையாது.

நீங்களும் அடுத்த முறை அந்தக் கேள்வியைப் பார்க்கும்போது, எது வேகம் என்று தேட வேண்டாம். இரண்டே விஷயம் பாருங்க. இந்த வட்டு எவ்வளவு வளரும் என்று கணக்குப் போட முடியுமா? இடம் தீர்ந்தால் நிற்கப் போவது நீங்கள் மட்டுமா, கூட இருக்கிறவர்களுமா? கணக்கு முடியும், நிற்பவர்கள் பலர் என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கணக்கு முடியாது, நஷ்டமும் சின்னது என்றால் வளரவே விடலாம். ஆனால் ஹோஸ்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வாரத்துக்கு ஒரு முறையாவது யாராவது பார்க்க வேண்டும். "யாராவது" என்று சொல்லிவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். அதற்கும் ஒரு பெயரை எழுதி வையுங்கள்.